சு.ரா.வை நாவலில் தொடங்காதீர்கள்

"பசுவய்யா என்ற புனைபெயரில் எழுதியவர் யார்?" கல்லூரியில் எழுத்தாளர் சுந்தர ராமசாமியை, அதாவது சு.ரா.வைப் பற்றி எனக்குக் கிடைத்தது இந்த ஒரு மார்க் கேள்விதான். பதில் எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். அவர் வாழ்ந்த அதே நாகர்கோவிலில் 3 வருஷம் பஸ் ஏறி இறங்கிப் படித்தவள் நான். 'ஒரு புளியமரத்தின் கதை' எங்கள் ஊர்க் கதை என்று தெரியும். 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலை யாரோ சொன்னார்கள் என்று எடுத்து, முப்பதாவது பக்கத்தில் மூடி வைத்தேன். சரி, இவர் நமக்கு எட்டாதவர் என்று முடிவு பண்ணிவிட்டேன். அந்த முடிவோடேயே இருபது வருஷம் ஓடிவிட்டது.

இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் கையில் சு.ரா.வைக் கொடுப்பதாக இருந்தால், நாவலை அப்புறம் கொடுக்கலாம். கட்டுரைகளையும் 'நினைவோடை' நூல்களையும் முதலில் கொடுங்கள்.

எனக்கு வழி திறந்தது அப்பாவால். போன ஐப்பசியில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். இரண்டு வாரம் கண்ணுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேப்பர் படிக்காமல் அவருக்குப் பொழுது விடியாது. "எதையாவது வாசி மக்ளே, கேட்டுக்கிட்டு கிடக்கேன்" என்றார். தம்பியின் அலமாரியில் 'காற்றில் கலந்த பேரோசை' இருந்தது. தலைப்புக் கட்டுரை ஜீவாவைப் பற்றியது என்று கண்டதும் எடுத்துக்கொண்டேன். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா எங்கள் பூதப்பாண்டிக்காரர். 1907இல் இங்கே பிறந்தவர். 1963 ஜனவரி 18ஆம் தேதி அவர் இறந்தபோது சு.ரா.வுக்கு 31 வயது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் எழுதிய கட்டுரை அது.

வெளியே மழை பிடித்து ஊற்றுகிறது. அப்பா கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில். நான் வாசிக்கிறேன். இரங்கல் கட்டுரை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று தொடங்கி, தியாகங்களை வரிசையாகச் சொல்லி, மாலை போட்டு முடிப்பார்கள். சு.ரா. அந்தப் பக்கமே போகவில்லை. ஜீவா மேடையில் எப்படிப் பேசினார், கேட்டவர்களை அந்தப் பேச்சு எப்படிப் பிடித்து வைத்தது என்று, ஒரு ஆசாரி இன்னொரு ஆசாரி செய்த கதவைத் தடவிப் பார்ப்பது மாதிரிப் பார்க்கிறார். தெரிந்ததையெல்லாம் ஒரே கூட்டத்தில் கொட்டாமல், சில கருத்துகளை மட்டும் எடுத்து விரித்துக்கொண்டே போகும் முறையைச் சொல்கிறார். அன்பு நிறைய இருக்கிறது, ஆனால் பார்வையை அது மறைக்கவில்லை.

அப்பா நடுவில் கையைத் தூக்கினார். "அந்த எடத்தை இன்னொரு தடவ வாசி." வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நாங்க பயலுவ எல்லாம் மதில் மேல ஏறி இருப்போம். ஒண்ணும் புரியாது மக்ளே. ஆனா எறங்கிப் போகத் தோணாது."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கட்டுரை முழுக்க சு.ரா. தேடியது அதைத்தானே! புரியாத பையனையும் மதிலை விட்டு இறங்கவிடாமல் வைத்தது எது என்று. நாகர்கோவிலில் ஜீவாவுக்கு மணிமண்டபம் இருக்கிறது. நான் எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். ஜீவாவின் குரல் எனக்குக் கேட்டது அன்றைக்குத்தான், எங்கள் வீட்டு முன்னறையில்.

சத்தம் போட்டு வாசித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த உரைநடையில் மூச்சு முட்டவே இல்லை. எந்தச் சொல்லும் சும்மா வந்து உட்காரவில்லை. இதற்குக் காரணம் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். சு.ரா.வின் சின்ன வயது கோட்டயத்தில் கழிந்தது. தமிழ் எழுதப் படிக்க அவர் முறையாகக் கற்றுக்கொண்டது பதினெட்டு வயது வாக்கில். 1951இல் 'புதுமைப்பித்தன் நினைவு மலர்' கொண்டுவருகிறார், அப்போது அவருக்கு இருபது வயது! பழக்கத்தால் நாக்கில் ஏறிய மொழி இல்லை அது, ஆசைப்பட்டுச் சம்பாதித்த மொழி. அதனால்தான் ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்து வாங்கியிருக்கிறார். இது நம்ம மாவட்டத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் இருந்தது அந்தப் பக்கம், திருவிதாங்கூர்-கொச்சியில். என் பாட்டா கடைசி வரைக்கும் மலையாளத்தில்தான் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் 'நினைவோடை' வரிசை. க.நா.சு., சி.சு. செல்லப்பா, ஜி. நாகராஜன், பிரமிள் என்று தான் பழகிய எழுத்தாளர்களைப் பற்றி அவர் சொன்ன நினைவுகள். பேச்சாகப் பதிவு செய்து பிறகு எழுத்தாக்கியவை என்பதால், எதிரே உட்கார்ந்து கேட்பது போலவே இருக்கும். இலக்கியம் படித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்றில்லை. எனக்கு இதில் மிகப் பிடித்தது கிருஷ்ணன் நம்பியைப் பற்றியது. அழகியபாண்டியபுரத்துக்காரர், 1932இல் பிறந்து 1976இல் போய்விட்டவர். 'மருமகள் வாக்கு' என்ற அருமையான சிறுகதை எழுதியவர். இறந்துபோன நண்பனைத் தெய்வமாக்காமல் இவ்வளவு பிரியமாகப் பேச முடியுமா என்று இருந்தது. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் என்றதும் சொல்ல வேண்டியது, 'தமிழகத்தில் கல்வி'. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் வே. வசந்தி தேவியோடு சு.ரா. நடத்திய உரையாடல். கல்லூரி வாசல் மிதிக்காத ஒரு ஜவுளிக்கடைக்காரர் துணைவேந்தரை உட்காரவைத்து, நம் பிள்ளைகளுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று கேட்கிறார். 2011 கணக்கெடுப்பில் நம்ம மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். மேடைக்கு மேடை சொல்கிறோம். பிள்ளைகள் வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறு எதையாவது தொடுகிறார்களா? என் மகன் பிளஸ் டூ. காலை அஞ்சரைக்கு டியூஷன், ராத்திரி ஒன்பது மணிக்கு இன்னொன்று. நானும்தான் அனுப்புகிறேன். அந்தப் புத்தகத்தைப் படித்த இரண்டு நாள் அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எல்லாமே எனக்கு ஒத்துப்போயிற்று என்று சொல்லமாட்டேன். சிறுபத்திரிகைச் சண்டைகளின் சூட்டில் எழுதிய சில கட்டுரைகள், அந்தக் காலத்துப் பின்னணி தெரியாமல் படித்தால் தலையில் ஏறாது. வணிக எழுத்தின் மேல் அவருக்கு இருந்த கடுமையும் எனக்கு உறுத்துகிறது. என் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, சாக்கு ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைப்பாள். லீவு நாளில் மச்சுப்படியில் உட்கார்ந்து அந்தக் கட்டுகளைப் படித்துத்தான் எனக்கு எழுத்து ருசித்தது. அந்த ஊசியும் நூலும் இல்லையென்றால் நான் சு.ரா.விடம் வந்தே சேர்ந்திருக்கமாட்டேன். இதை அவரிடம் நேரில் சொல்லிச் சண்டை போட்டிருக்க வேண்டும். 2005இல் போய்விட்டார். 'வாழ்க சந்தேகங்கள்' என்றே ஒரு புத்தகத்துக்குப் பெயர் வைத்தவர், கோபப்பட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

பூதப்பாண்டி, தாழக்குடி பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், என் பிரதிகளைத் தருகிறேன். ஜீவா கட்டுரை உள்ள தொகுப்பை நாளைக்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். கிருஷ்ணன் நம்பி மட்டும் இப்போது அப்பாவிடம் இருக்கிறது. புதுக் கண்ணாடி வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு பக்கம்தான் படிக்கிறார். பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, அதில் வரும் ஒரு ஊரையோ ஆளையோ தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் திருப்புகிறார். முடிக்க இன்னும் பத்து நாள் ஆகும்.