ஹில்குரோவில் ஒரு கேன் தண்ணீர்

(மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பிய ஊட்டி ரயில். கமுதிப் பக்கத்திலிருந்து வந்த மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். மகனுக்கு வேறு பெட்டியில்தான் இடம். மாமியாரின் காலடியில் ஐந்து லிட்டர் கேன்.)

மருமகள்: அத்தை, அந்தக் கேனைக் கொஞ்சம் நகர்த்துங்களேன். கால் வைக்க இடமில்லை.

மாமியார்: நீ காலை நகர்த்து. இது ஊர்த் தண்ணீர். மலைத் தண்ணீர் குடித்தால் சளி பிடிக்கும்.

மருமகள்: நம் ஊர்த் தண்ணீரில் உலை வைத்தால் சோற்றுக்கு உப்பே போட வேண்டாம்.

மாமியார்: உப்பு மிச்சம்தானே! அது கிடக்கட்டும், எஞ்சினைக் காணோமே? முன்னால் எட்டிப் பார்த்தேன், ஒருத்தர் கொடியோடு நிற்கிறார். அவரா இழுக்கிறார்?

மருமகள்: எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது அத்தை. கல்லாறு தாண்டினால் பன்னிரண்டு அடி போவதற்குள் ஓரடி ஏற வேண்டும். தண்டவாளத்துக்கு நடுவே பல்லுப் பல்லாக ஒரு இரும்பு இருக்கிறது. அதில் எஞ்சினின் பல் சக்கரம் மாட்டிக்கொண்டு ஏறும்.

மாமியார்: எனக்கே நாலு பல்தான் பாக்கி. இதற்கு எத்தனை வயசு?

மருமகள்: 1899ல் குன்னூர் வரை வந்தது, 1908ல் ஊட்டி வரை. 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டது.

மாமியார்: நம் வீட்டு ஆட்டுக்கல் இதைவிடப் பழசு. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

மருமகள்: அதில் மாவாட்டுகிற எனக்குத் தெரியாதா?

(குகை. இருட்டு. பெட்டியே 'ஓ'வென்று அலறுகிறது.)

மாமியார்: ஐயையோ! யாருக்கு என்ன ஆச்சு?

மருமகள்: ஒன்றும் இல்லை அத்தை, குகை வந்தால் கத்துவார்கள். மொத்தம் 16 குகை.

மாமியார்: வேலையற்றதுகள்.

(நான்காவது குகையில் எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல். ஊரில் ஆடு கொல்லையில் இறங்கினால் கேட்கிற அதே குரல்.)

மருமகள்: அத்தை, நீங்களா?

மாமியார்: தொண்டை கமறியது.

(ஹில்குரோவ். வண்டி நிற்கிறது. எல்லோரும் டீக்கும் வடைக்கும் ஓட, மாமியார் மட்டும் எஞ்சினைப் பார்க்கப் போகிறார். தடித்த குழாயிலிருந்து அதற்குத் தண்ணீர் கொட்டுகிறது.)

மாமியார்: ஏத்தா, இங்கே வா! ரயில் தண்ணீர் குடிக்கிறது!

மருமகள்: நீராவி எஞ்சின் அத்தை. தண்ணீர் இல்லாமல் ஏறாது.

மாமியார்: வரிசை இல்லை, சண்டை இல்லை. குடம் குடமாய்க் கொட்டுகிறார்களே! இருபது வருஷம் தள்ளுவண்டியில் ஏழு குடம் வைத்து நான் தள்ளினேன். தண்ணீரைத் தள்ளினேன். இங்கே தண்ணீரே வண்டியைத் தள்ளுகிறது!

(மாமியார் சிரிக்கிறார். கண்ணில் நீர் வரும் வரை சிரிக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் இப்படிப் பார்ப்பது இரண்டாம் முறை. முதல் முறை எதற்கு என்பது இங்கே வேண்டாம்.)

மருமகள்: அத்தை, போதும். குரங்கெல்லாம் பார்க்கிறது.

மாமியார்: பார்க்கட்டும். இது நம் குடும்பம் மாதிரியே இருக்கிறது. முன்னால் கொடி பிடித்து நிற்பவன் என் மகன். பின்னால் புகைந்துகொண்டே தள்ளுவது நீ.

மருமகள்: அத்தை! இதை அவரிடம் ஒரு தடவை சொல்லுங்களேன்.

மாமியார்: சொல்ல மாட்டேன். நீ சொன்னாலும் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பேன்.

(ஊர்த் தண்ணீரை ஒரு மரத்தடியில் கொட்டிவிட்டு, குடிதண்ணீர்க் குழாயில் கேனைப் பிடிக்கிறார்.)

மருமகள்: சளி பிடிக்குமே?

மாமியார்: தெருவுக்கே ஆளுக்கு ஒரு மடக்குக் கொடுக்க வேண்டும். பிடிக்கிற சளி எல்லோருக்கும் பிடிக்கட்டும்.

மருமகள்: ஊருக்குப் போக இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதுவரை யார் சுமப்பது? இறங்கும்போது எஞ்சின் முன்னால் வந்துவிடும், தெரியுமா?

மாமியார்: அப்படியா? அப்போ சரி. இறங்கும்போது நீ முன்னால் கையை வீசிக்கொண்டு நட. கேன் பின்னால் அவனோடு வரட்டும்.