பாச்சை உருண்டை போட்டால் பைக் மைலேஜ் கூடுமா?

பெங்களூரு தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: பெட்ரோல் டேங்கில் 2 பாச்சை உருண்டை போட்டால் மைலேஜ் எகிறுமாம். தவறு.

பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் என்ற ரசாயனம் பெட்ரோலில் கரையும், எரியும். அதுவரை சரி. ஆனால் டேங்க் நிறைய பெட்ரோலுக்கு இரண்டு உருண்டை தரும் சக்தி எந்த மூலைக்கு? ஆக்டேன் கூடும் என்பார்கள். ஆக்டேன் என்பது இன்ஜின் 'நாக்' அடிக்காமல் (எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம் வராமல்) எரிபொருள் தாங்கும் அளவு. அது கூடினால் மைலேஜ் கூடாது.

கெடுதல் வேறு இருக்கிறது. பெட்ரோல் ஆவியானால் நாப்தலீன் மறுபடி கட்டியாகப் படியும். அது உருகவே சுமார் 80 டிகிரி வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான புது பைக்குகளில் பெட்ரோலைத் தெளிக்க இன்ஜெக்டர்தான். அதன் துளை மிகச் சன்னம், படியும் கட்டி அதை அடைத்துவிடலாம். சில உருண்டைகள் நாப்தலீனே அல்ல, குளோரின் கலந்த வேறு ரசாயனம். எரிந்தால் அமிலம் உண்டாகும், உலோகத்தை அரிக்கும்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? மெக்கானிக்கிடம் சொல்லி டேங்கைக் காலி செய்யுங்கள்.