"நைட்டு ஃபுல்லா என்ன பண்ணீங்க?"

காலை ஏழரை மணி. ஆண்கள் பொது மருத்துவ வார்டு. ஓவர் எடுக்க, அதாவது இரவு ஷிப்டிடமிருந்து வார்டுப் பொறுப்பை வாங்க வந்த சிஸ்டர் 23-ஆம் கட்டில் பக்கத்தில் நின்று, நிரம்பித் தொங்கிய யூரோபேக்கை (சிறுநீர் சேரும் பையை) காட்டிக் கேட்டார்: "நைட்டு ஃபுல்லா என்னதான் பண்ணீங்க?"

நோயாளிகள், அவர்களோடு தங்கியிருப்பவர்கள், பயிற்சி மாணவிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைட் டியூட்டி பார்த்த நர்ஸ் நான். பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

அந்த இரவு வார்டில் 42 நோயாளிகள், நாங்கள் இரண்டு பேர். மூன்று அட்மிஷன். நாலே முக்காலுக்கு 17-ஆம் கட்டில் பெரியவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆக்சிஜன் வைத்து, டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, மருந்து ஏற்ற வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போட்டு, உடம்பில் சேர்ந்த நீரை வெளியேற்றும் லேசிக்ஸ் கொடுத்து, அவர் "இப்ப பரவால்லம்மா" என்று சொன்னபோது மணி ஆறைத் தாண்டிவிட்டது. ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டிய ரத்த சாம்பிள், சுகர் எல்லாம் அதற்கு மேல் ஓட்டமாக நடந்தன. யூரோபேக் விட்டுப்போனது.

அந்த ஒன்றேகால் மணி நேரம் கேஸ் ஷீட்டில் மூன்று வரி. பெரியவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார், அவரைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. யூரோபேக் மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

அந்த சிஸ்டரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால் மதிய டியூட்டிக்கு வந்த நான், எமர்ஜென்சி ட்ராலியில் ஊசி மருந்து குறைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, காலை டியூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பிப் போனவருக்கு போன் போட்டு, "இதைக்கூடப் பார்க்கலையா?" என்று சத்தம் போட்டேன். ரவுண்ட்ஸ், ஏழு டிஸ்சார்ஜ், ஸ்கேனுக்கு ஆள் அனுப்புவது என்று அன்று அவர்கள் காலைச் சாப்பாடுகூடச் சாப்பிடவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. இத்தனைக்கும் மூன்று ஷிப்டையும் நாங்களேதான் மாறி மாறிப் பார்க்கிறோம். போன வாரம் நைட் பார்த்தவரே இந்த வாரம் நைட்டைக் குறை சொல்கிறார்.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவுப்படி பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர். 42 பேருக்கு இரண்டு பேர் என்றால் ஏதாவது ஒரு வேலை விட்டுப்போகத்தான் செய்யும். அது அடுத்த ஷிப்டின் தலையில் விழும். ஆள் போடாதவர்கள் அந்த நேரத்தில் வார்டில் இருப்பதில்லை, எதிரில் நிற்பது இன்னொரு நர்ஸ்தான். கோபம் அவள் மேல் போய்விடுகிறது.

2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் ஒப்பந்த நர்ஸ்கள் போராடியபோது நானும் போயிருந்தேன். அப்போது எங்களுக்கு மாதம் 7,700 ரூபாய். வார்டில் என்னோடு முகம் கொடுத்துப் பேசாதிருந்த ஒருவர் அங்கே தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். அங்கே யார் எந்த ஷிப்ட் என்று யாரும் கேட்கவில்லை.

வேலை மிச்சமிருந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள். நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது, கேட்காமல் விடக் கூடாது. ஆனால் நோயாளிகள் முன்னால் வேண்டாம். அதற்கு முன் "என்ன ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்து வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன், யாராவது "நைட்டு நல்லாப் பார்த்துக்கிட்டீங்க" என்று சொன்னதை விரல் விட்டு எண்ணிவிடலாம். சூப்பர்வைசர்கள் வருவதும் பாராட்டுவதும் பகலில்தான். மே 12 செவிலியர் தினத்துக்குக் கேக் வெட்டுவதும் நைட் டியூட்டிக்காரர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான்.

நேற்று ஓவர் எடுக்க வந்தது ஒரு ஜூனியர் பெண். கேஸ் ஷீட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே என் முகத்தைப் பார்த்து, "நைட்டு எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். நான்கு சாம்பிள் இன்னும் லேபுக்குப் போகவில்லை என்பதையும் சொன்னேன்.

"அதை நான் அனுப்பிக்கறேன்க்கா. நீங்க எட்டு மணி பஸ்ஸைப் பிடிங்க" என்றாள்.

பிடித்துவிட்டேன்.