"வேறு டீமைப் பாருங்களேன்"

தோற்கிற டீமின் ரசிகர்களிடம் இப்படிச் சொல்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டீம் என்ன, கிழிந்ததும் மாற்றிக்கொள்கிற சட்டையா?

2024இல் அமெரிக்க பேஸ்பால் டீமான சிகாகோ வைட் சாக்ஸின் ரசிகர்கள் பட்ட பாடு கொஞ்சமா? தொடர்ந்து 21 தோல்வி. பேஸ்பாலில் அநேகமாகத் தினமும் ஆட்டம் உண்டு. நேற்றைய வலி ஆறுவதற்குள் இன்றைய அடி விழும். ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவது வரை முன்னிலையில் இருந்தாலும் நிம்மதி கிடையாது. புதிதாகப் பந்தெறிய வந்த நம் பிட்சர் நாலு பந்தைத் தப்பாக எறிந்து எதிரணி ஆட்டக்காரரைச் சும்மாவே முதல் பேஸுக்கு அனுப்புவார், அடுத்து வருபவர் ஒரு ஹிட் அடிப்பார், அப்புறம் கைக்கு வந்த பந்து கையுறையில் பட்டுத் தெறிக்கும். வயிற்றைப் பிசையும். ஆனாலும் எழுந்து போக மனசு வராது. இன்னும் ஒரு இன்னிங்ஸ் இருக்கிறதே!

ஆகஸ்ட் 6 அன்று ஓக்லாந்தில் 5-1 என்று ஜெயித்த பிறகுதான் மூச்சு வந்தது.

செப்டம்பர் கடைசியில் 120 தோல்விகளோடு சொந்த மைதானத்துக்கு வந்தார்கள். நவீன பேஸ்பாலில் ஒரு சீசனில் அதிகத் தோல்வி என்று 1962இல் நியூயார்க் மெட்ஸ் டீம் வைத்த அதே கணக்கு. இன்னும் ஒன்று தோற்றால் அந்த அவமானம் இவர்களுக்கு. "டீமை விற்றுவிடு" என்று டீமின் முதலாளிக்கு எதிராகக் கூட்டம் கத்தியது. வெறுத்தவன் வீட்டில் தூங்குவான். டிக்கெட் வாங்கிவந்து கத்துகிறவனுக்கு எவ்வளவு பாசம் இருக்க வேண்டும்! அன்று எட்டாவது இன்னிங்ஸில் எழுந்து, எதிரணியான ஏஞ்சல்ஸை 3-2 என்று ஜெயித்தார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் வெற்றிதான்.

121ஆவது தோல்வி பிறகு டெட்ராய்ட்டில் வந்தது. சரி, வரட்டும். சொந்த ஊர்க்காரர்கள் கண்முன்னால் வரவில்லை.