டாங்கி கேட்டால் தண்ணீர்த் தொட்டி

ஒரு மாடல் டாங்கி வாங்க நினைத்தது அவ்வளவு பெரிய பாவமா? ஆன்லைனில் தேடினால் முதலில் வருவது மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க். அதைத் தாண்டினால் "ஜெர்மன் டைகர்" என்று தலைப்பு போட்டு, படத்தில் அமெரிக்க ஷெர்மன் நிற்கிறது. சரி, அளவையாவது ஒழுங்காகப் போடலாமே? நிஜ டைகர்-1 பீரங்கிக் குழலோடு சேர்த்துச் சுமார் எட்டரை மீட்டர் நீளம், 1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்காக, 24 சென்டிமீட்டர் வரும், 1/72 என்றால் 12 கூட வராது. நான் 24 சென்டிமீட்டருக்கு அலமாரியில் இடம் ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தேன், வந்ததோ தீப்பெட்டிக்கு அண்ணன். கேட்டால், "படம் மாதிரிக்கு மட்டும்" என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்களாம்.

ரிமோட் டாங்கி கதை இன்னும் மோசம். 1/16 அளவு, புகை விடும், உறுமும், குண்டு சுடும் என்று ஒரு பக்கத்துக்கு அளப்பவர்கள், ட்ராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை, பிளாஸ்டிக்கா உலோகமா என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு வந்தது பிளாஸ்டிக். மொசைக் தரையில் திரும்பினாலே கழன்று விழுகிறது, இதில் "எல்லா நிலப்பரப்பிலும் ஓடும்" வேறு! உதிரி ட்ராக் கேட்டால், புது டாங்கியே வாங்கிக்கொள்ளுங்கள் சார் என்கிறார்கள். அப்புறம் பேட்டரி தனி, சார்ஜர் தனி, பெயின்ட் தனி, பசை தனி. பெட்டிக்குள் என்னதான்யா வைத்தீர்கள்?

இதில் கூரியர்காரர் "குழந்தைக்கா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனதிலிருந்து மனைவி சிரிப்பை நிறுத்தவே இல்லை.