"ஷேடோவைத் தூக்குங்க" என்று சொல்கிறவர்களுக்கு

ஒரு படம் இருட்டாக இருந்தால் அது தப்பான படம் என்று நம்ம ஊர் கேமரா க்ளப்புகளில் யார் முடிவு பண்ணியது? காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு, சுற்றிலும் இத்தனை வளவு வீடுகளை (நடு முற்றமும் அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரமும்தான் வளவு) வைத்துக்கொண்டு, மாதப் போட்டிக்கு ஒரு வளவுப் படத்தை ராப்பகலாக உட்கார்ந்து செம்மைப்படுத்தி அனுப்பினால் திரும்பி வருவது ஒரே வரிதான். "நல்லா இருக்கு, ஆனா ஷேடோவை இன்னும் கொஞ்சம் தூக்குங்க." அதாவது நிழலான இடங்களை எடிட்டிங்கில் வெளிச்சமாக்க வேண்டுமாம். இந்தத் தடவையும் அதே வரி. நடுவர்தான் அப்படிச் சொன்னார் என்றால்கூடப் பரவாயில்லை, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

செட்டிநாட்டு வீட்டுக்குள் ஒரு தடவையாவது நடந்து போனவர்கள் இதைச் சொல்லலாமா? முகப்பு, திண்ணை, அப்புறம் அந்தப் பெரிய தேக்கு நிலைக்கதவு, அதைத் தாண்டினால் வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில்தான் முடிகிற வீடு. முன்வாசலில் நின்றால் நேர்கோட்டில் பின்வாசல் வெளிச்சம் சின்னச் சதுரமாகத் தெரியும். நடுவில் வெளிச்சம் வருவதற்கு முற்றத்தை விட்டால் வேறு பெரிய வழி கிடையாது. சுவர் அவ்வளவு கனம், மச்சு அவ்வளவு உயரம், முற்றத்தைச் சுற்றி ஓட்டுச் சார்ப்பு தாழ இறங்கி வெயிலை மறிக்கிறது. கட்டினவர்கள் தெரிந்தேதான் இப்படிக் கட்டினார்கள். இந்தச் சீமை வெயிலில் வீடு குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்றால் வெயில் முற்றத்தோடு நின்றுவிடவேண்டும். அதனால் உள்ளே நடக்கும்போது இருட்டு, வெளிச்சம், மறுபடி இருட்டு, மறுபடி வெளிச்சம் என்று மாறி மாறி வரும். நான் எடுத்தது அதைத்தான். இருட்டை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் மிச்சம் இருப்பது நாலு தூணும் ஒரு தரையும்.

"அந்த இடது மூலையில் என்ன இருக்குன்னே தெரியலையே" என்று ஒருவர் கேட்டார். தெரியவேண்டாம் என்பதற்காகத்தான் அது அப்படி இருக்கிறது. அங்கே இருப்பது மடக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு பழைய பீரோவும். அதைப் பார்ப்பதற்கா யாராவது வளவுக்குள் வருவார்கள்?

அந்தச் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள் என்றுதான் நான் கெஞ்சுகிறேன். சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துப் பல பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர். எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெளிச்சம் பட்டால் அது வெறும் வெள்ளைச் சுவர், நேற்று எமல்ஷன் அடித்த சுவருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து வரும்போதுதான் அதன் வழவழப்பு மினுங்கும், அதுவும் பக்கத்தில் இருட்டு இருந்தால்தான் கண்ணுக்குப் படும். கீழே ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். கண்ணாடித் தகட்டின் மேல் வர்ணச் சிமெண்ட் கலவையைக் கையால் ஊற்றிச் செய்கிற கல், அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிற வழவழப்புதான் அதன் அழகே. நான் எடுத்த காலை நேரத்தில் வெயில் முற்றத்து ஓரத்துக் கல்லில் பட்டு, அந்தக் கல்லின் சிவப்பு லேசாக எம்பி மேலே தேக்கு மச்சின் அடிப்பக்கத்தில் ஒரு மங்கலான செம்மையாகப் படிந்திருந்தது. மூன்று மரச்சட்டங்களில் மட்டும். அதைக் காப்பாற்றத்தான் நான் அத்தனை நேரம் உட்கார்ந்தேன். வைட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறச் சமநிலையை, ஆட்டோவில் விட்டால் அந்தச் செம்மை காணாமல் போகும். வெயில் பட்ட இடம் மஞ்சளாகவும், வானத்து வெளிச்சம் மட்டும் பட்ட நிழல் கொஞ்சம் நீலமாகவும் இருப்பதுதான் இயல்பு, இரண்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்தால் செத்துப்போகும். வலதுபக்கத் தூணை மட்டும் தனியாக மாஸ்க் போட்டுப் பிரித்து அதன் வெளிச்சத்தைக் கொஞ்சம் அடக்கினேன், ஏனென்றால் அது கண்ணை வெளியே இழுத்தது. வெளிச்ச அளவை மாற்றுகிற கர்வ்ஸ் கோட்டில் கறுப்புப் பக்கத்தைத் தொடவில்லை. வேண்டுமென்றுதான் தொடவில்லை.

ஷேடோ ஸ்லைடரை வலதுபக்கம் தள்ளினால் என்ன நடக்கும் என்று இவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கிற 14 பிட் ரா ஃபைலில் வெளிச்சத்துக்கு 16,384 படிகள். அதில் மேலே இருக்கிற ஒரு ஸ்டாப்பே (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது) பாதியை, 8,192 படிகளை எடுத்துக்கொள்ளும். அடுத்ததற்கு 4,096. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து ஏழாவது ஸ்டாப்புக்கு வரும்போது மிச்சம் 128. அங்கே சென்சாரில் விழுந்த வெளிச்சமும் கொஞ்சம்தான். அதைப் பிடித்து மூன்று ஸ்டாப் தூக்கினால் வருவது விவரத்தைவிட மணல் மணலான புள்ளிதான் அதிகம், சில சமயம் ஒரு ஊதா வெளுப்பும். அப்புறம் அந்தப் புள்ளியைக் கொல்ல நாய்ஸ் ரிடக்ஷன், அதில் தேக்கின் ரேகை போய் மரம் பிளாஸ்டிக் ஆகும், உடனே "கொஞ்சம் ஷார்ப்பன் பண்ணுங்க" என்று அதற்கும் ஒரு ஆலோசனை வரும்.

சரி, அவர்கள் படத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்கிறேன், இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். முதல் சுற்று வாட்ஸ்அப்பில். சாதாரணமாகப் போட்டால் அது படத்தை அமுக்கிச் சுருக்கித்தான் அனுப்பும், கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மெதுவாகப் போகிற இடமெல்லாம் பட்டை பட்டையாகக் கட்டங்கட்டி நிற்கும். அதை வெயிலில் நின்றுகொண்டு போனில் பார்த்துவிட்டு "ரொம்ப டார்க் சார்" என்று பதில். இரண்டாம் சுற்று ஹாலில், ப்ரொஜெக்டரில், ட்யூப் லைட் எரிய, ஜன்னல் திறந்திருக்க. ப்ரொஜெக்டரால் கறுப்பை எறிய முடியாது. வெளிச்சத்தை மட்டும்தான் எறிய முடியும். திரையில் கறுப்பு என்பது வெளிச்சம் படாத திரை, அந்தத் திரைமேல் ட்யூப் லைட் விழுந்தால் அதுதான் அன்றைக்கு உங்களுக்குக் கிடைக்கிற கறுப்பு. வெளிறின சாம்பல். என் படத்தின் முக்கால்வாசி அந்தச் சாம்பலில் கரைந்துபோய் நிற்கிறது, நடுவர் "மங்கலா இருக்கே, கான்ட்ராஸ்ட் இல்லையே" என்கிறார். எழுந்து போய் ஒரு ஸ்விட்சை அணைக்கலாமா என்று கேட்டேன். மற்ற படங்களெல்லாம் இதே வெளிச்சத்தில்தானே காட்டினோம் என்று பதில் வந்தது. மற்ற படங்கள் எல்லாம் நடுப்பகல் கோபுரமும் திருவிழாக் கூட்டமும். அவற்றுக்குக் கறுப்பு தேவைப்படவில்லை. இது எப்படிச் சமமான போட்டி?

இதோடு விட்டார்களா என்றால் இல்லை. "ஒரு பொண்ணைக் கண்டாங்கிச் சேலை கட்டி அந்தத் தூண்கிட்ட உட்காரவச்சிருந்தா படம் எங்கேயோ போயிருக்கும்." கண்டாங்கி, பித்தளைக் குடம், கோலம், ஜன்னல் வழியாகப் பார்க்கிற பார்வை, இதையே எத்தனை வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்! எல்லாப் படமும் ஒரே கல்யாண ஆல்பத்தில் கிழித்த பக்கம் மாதிரி இருக்கிறது. நான் கொடுத்தது கட்டடப் பிரிவுக்கு. ஆள் இல்லாமல் ஒரு வீட்டை அதன் வெளிச்சத்தோடு மட்டும் காட்டக்கூடாதா? இன்னொருவர் முற்றத்து வானத்தை மாற்றச் சொன்னார், வெறும் வெள்ளையாக இருக்கிறதாம், மேகம் ஒட்டலாமாம். அந்த வெள்ளை வானம் கொடுக்கிற பரந்த வெளிச்சம்தான் தூண்களின் உள்பக்கம் வரை மெல்லப் போய் இறங்குகிறது. அந்த இடத்தில் சாயங்காலச் செவ்வானத்தை ஒட்டினால் தரையில் காலை வெயில், மேலே மாலை வானம். வீட்டுக்கு இது அவமரியாதை.

விமர்சனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே ஹாலில் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணின் படம் வந்தது, பள்ளத்தூர் வீடு ஒன்றின் முகப்பு. மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் எழுந்து, "அம்மா, தூண் சாய்வைச் சாப்ட்வேர்ல நிமிர்த்தும்போது கொஞ்சம் அதிகமா நிமிர்த்திட்டே, இப்ப மேல விரிஞ்சு தெரியுது, நூத்துக்கு நூறு நேராக்காம ஒரு இழை விடு" என்றார். அதுதான் பேச்சு. கேமராவை மேலே சாய்த்து எடுத்தால் தூண்கள் மேலே குவியும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் முழுசாக நிமிர்த்தினால் உயரமான முகப்பு நம் கண்ணுக்குத் தலை கனத்துத் தெரியும் என்பதைப் படத்தை உற்றுப் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். அந்தப் பெண் உடனே குறித்துக்கொண்டாள். என் படத்துக்கும் அப்படி ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்?

கோபம் தோற்றதால் வந்தது என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இந்தச் செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, பட்டியலில் இருப்பதால் ஒரு ஓடுகூட நிற்கப்போவதில்லை. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில். பூட்டின வீட்டில் மழைத்தண்ணீர் இறங்கி, கடைசியில் இடித்து, தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு வந்து நிற்கின்றன. தூணை எங்கே கொண்டுபோயும் நட்டுக்கொள்ளலாம். அந்த வளவின் இருட்டையும் அதற்குள் வெளிச்சம் வருகிற விதத்தையும் யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது, வீடு போனால் அதுவும் போச்சு. படத்தில்தான் இருக்கும், அதையும் ஸ்லைடரைத் தள்ளி அழிக்கச் சொன்னால் எப்படி?

க்ளப்காரர்களிடம் நான் கேட்பது பெரிய செலவெல்லாம் இல்லை. படம் காட்டும்போது விளக்கை அணையுங்கள், ஜன்னலுக்கு ஒரு திரை போடுங்கள். வாட்ஸ்அப்பில் மார்க் போடுவதை நிறுத்திவிட்டு முழு ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். நடுவர்கள் எது தெரியவில்லை என்று சொல்வதற்கு முன்னால், அது ஏன் தெரியவில்லை என்று எடுத்தவரிடம் ஒரு தடவை கேளுங்கள். அடுத்து அச்சுப் பிரிவுக்கு இதே படத்தைத்தான் கொடுக்கிறேன், பளபளப்பில்லாத மேட் பேப்பரில் கறுப்பு தளர்ந்துவிடும் என்பதால் கறுப்பு நன்றாக இறங்குகிற பளபளப்புத் தாளில், ஷேடோவில் ஒரு புள்ளிகூடத் தூக்காமல்.