சதுப்புநிலத்தைக் கோடையில் அளக்கிறார்கள்

மார்ச் கடைசியில் விழுப்புரம் மாவட்டம் கழுவேலிப் பக்கம் போனால் ஏரி எங்கே என்று கேட்கத் தோன்றும். வெடித்துக் கிடக்கும் களிமண், அங்கங்கே சிவந்த உமிரிச் செடி, மாடு மேய்ப்பவர்கள் இரண்டு பேர். அதே இடத்துக்குக் கார்த்திகையில் போங்கள். சுற்றுவட்டார ஏரிகள் கலிங்கு வழிந்து வந்த நீரெல்லாம் சேர்ந்து கண்ணுக்கெட்டிய வரை தண்ணீராக இருக்கும். ஊசிவால் வாத்துகள் கூட்டமாக இறங்கும். பழவேற்காட்டுக்கு அடுத்து தமிழகத்தின் பெரிய உவர்நீர்ப் பரப்பு இதுதான். உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் 2024இல் சேர்ந்தது. பெரிய திட்டங்களுக்கு அனுமதி கேட்கும்போது, அவற்றால் என்ன பாதிப்பு வரும் என்று சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்று தர வேண்டும். இந்த மாதிரி இடங்களின் எந்த முகம் அந்த அறிக்கையில் ஏறுகிறது என்பதில்தான் என் புகார்.

பறவை, தாவரக் கணக்கெடுப்புக்காக ஆலோசனை நிறுவனங்களோடு களத்துக்குப் போய் வருகிறவன் நான். இந்தத் தொழிலைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் பணத்தைத்தான் இழுப்பார்கள். அறிக்கை எழுதுகிற நிறுவனத்துக்கு, ஆலோசகர்களுக்குத் தகுதிச் சான்று தரும் நாபெட் அமைப்பின் அங்கீகாரம் இருக்கும். ஆனால் காசோலை வருவது திட்டத்தின் முதலாளியிடமிருந்து. அப்புறம் எப்படி ‘இந்தத் திட்டம் வேண்டாம்’ என்று எழுதுவார்கள்? நியாயமான கேள்வி. ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குத் தந்த அறிக்கை ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியது என்பது அம்பலமானதும் நினைவிருக்கலாம். கொங்கணக் கடற்கரையில் ஸ்ப்ரூஸ், பிர்ச் மரக்காடு இருப்பதாக அதில் எழுதியிருந்தது! திட்ட முதலாளிகளிடம் கட்டணத்தை வாங்கி ஒரு பொது நிதியில் போட்டு, ஆலோசகரை அரசே ஒதுக்கட்டும் என்பதுதான் என் கருத்தும்.

ஆனால் நேர்மையான ஆலோசகரையே தவறான அறிக்கை எழுத வைக்கிற விதி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த அறிக்கைகளைக் கேட்கிற 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடக்கும் பெரும்பாலான ஆய்வுகளுக்கு, மழைக்காலம் தவிர்த்த ஏதாவது ஒரு பருவத்தின் அடிப்படைத் தரவு, அதாவது திட்டம் வருமுன் அந்த இடம் இருக்கும் நிலையின் கணக்கு, போதும். புகைபோக்கி வைத்த தொழிற்சாலைக்கு இது பொருத்தம்தான். மழை தூசியை அடக்கிவிடும், காய்ந்த காலத்தில்தான் காற்றின் உண்மையான மோசம் தெரியும். அதே விதியைச் சதுப்புநிலத்திலும் கழிமுகத்திலும் கொண்டுவந்து வைத்தால், அந்த இடம் உயிரோடிருக்கும் மாதங்கள் கணக்கிலேயே வராமல் போகலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. டெல்லிக் காலண்டரில் மழைக்காலம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘மழைக்குப் பிந்தைய காலம்’. ஐப்பசி அடைமழையில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் நமக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆக, அந்த மூன்று மாதங்களில் ஆய்வு செய்ய விதி குறுக்கே நிற்கவில்லை. செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை. விட்டால் யார் செய்வார்கள்? “சார், மழை பிடிச்சா வண்டி உள்ள போகாது, மே மாசத்துக்குள்ள முடிச்சிருங்க” என்று ஒரு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் என்னிடமே சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் கெடு இருக்கிறது. அந்த ஆய்வு நடந்த இடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “தம்பி, ஐப்பசியில வந்து பாரு, நீ நிக்கிற எடத்துல இடுப்பளவு தண்ணி கெடக்கும்” என்றார். அறிக்கையில் அந்த இடம் ‘தரிசு நிலம்’ என்று ஏறியது. பறவைப் பட்டியலில் காகம், மைனா, உண்ணிக்கொக்கு. நான் தந்த பட்டியல்தான் அது. அந்த மாதத்தில் அங்கே அவைதான் இருந்தன.

சட்டத்துக்குப் பருவம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஆற்றில் கடல் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதைத் தீர்மானிக்க, ஆண்டிலேயே மிக வறண்ட காலத்தில் உப்பு ஆயிரத்தில் 5 பங்கு இருக்கும் இடம் வரை அளக்கச் சொல்கிறது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. மழையில் அளந்தால் ஆற்று வெள்ளம் உப்பைக் கடல் பக்கம் தள்ளிவிடும், பாதுகாப்பு எல்லையும் கூடவே சுருங்கிவிடும். இதைப் புரிந்த யாரோ எழுதிய விதி அது. உப்புக்கு வறண்ட காலம் என்று யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு, வெள்ளத்துக்கும் பறவைக்கும் மழைக்காலம் என்று ஏன் தோன்றவில்லை?

வெள்ளம் என்றதும் பள்ளிக்கரணை. தென்சென்னையின் மழைநீர் அந்தச் சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். ஏப்ரலில் வரைபடத்தோடு போய் நின்றால் அந்த வழியில் பாதி வெறும் பள்ளமாகத்தான் தெரியும். பள்ளத்தைத் தூர்ப்பதில் என்ன பாதிப்பு என்று அறிக்கை கேட்கும். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் இருந்தவர்களுக்குப் பதில் தெரியும். இப்போது 1,247 ஹெக்டேர் ராம்சார் தளம் என்று பலகை இருக்கிறது, சந்தோஷம். தண்ணீர் பலகையைப் பார்த்து நிற்காது.

சீரமைப்பு வேலையிலும் இதே நோய். ஆலோசகரின் ‘மீட்புத் திட்டம்’ என்றால் பெரும்பாலும் ஒரு அட்டவணை: இத்தனை ஆயிரம் அலையாத்திக் கன்றுகள், கன்று ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய். சில வகைத் திட்டங்களில் அழிக்கும் அலையாத்திக் காட்டைப் போல மூன்று மடங்கு பரப்பில் வேறிடத்தில் நட வேண்டும் என்று 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை சொல்கிறது. நட்டுவிடலாம். நட்ட இடத்துக்கு அலை வருமா?

பிச்சாவரம் இதற்கு நல்ல பாடம். பிரிட்டிஷ் காலம் தொட்டு 1970கள் வரை அங்கே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து அமிழ்ந்து தொட்டி போலக் குழிந்துவிட்டது. உள்ளே வந்த அலைநீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி ஆவியானது, உப்பு ஏறியது, விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. அங்கே அலையின் ஏற்ற இறக்கமே பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். மண் ஒரு சாண் தாழ்ந்தாலே எல்லாம் மாறிவிடும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் அங்கே முதலில் கையில் எடுத்தது மண்வெட்டியை. ஓடையிலிருந்து சாய்வாக ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் மீன் முள் போலக் கிளை வாய்க்கால்கள். அலை உள்ளே வந்து, வெளியேயும் போக ஆரம்பித்தது. உப்பு இறங்கியது. கன்றுகளை அந்த வாய்க்கால் சரிவுகளில் நட்டார்கள், பிழைத்தன. பராமரிப்பில் கிராமத்து ஆட்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வாய்க்கால் தூர்ந்தால் மறுபடி தூர்வார வேண்டும். நம் அட்டவணைகளில் முதல் வருடக் கன்றுக்குக் காசு இருக்கும், நாலாம் வருட மண்வெட்டிக்கு இருக்காது.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தமிழகக் கடலோரத்தில் சதுப்பு, கழிமுகம், உப்பளம், அலையாத்தி எதைத் தொடும் திட்டமானாலும் அக்டோபர்–டிசம்பர் தரவு கட்டாயம் என்று, எதையெல்லாம் ஆராய வேண்டும் என அரசு தரும் ஆய்வு வரம்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். திட்டம் ஒரு வருடம் தள்ளிப் போகும் என்பார்கள். போகட்டுமே, துறைமுகம் என்ன ஒரு வருடத்துக்கா கட்டுகிறார்கள்?

அது வரும்வரை, உங்கள் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தால் அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். சுற்றுப்புறத்தின் நிலையைச் சொல்லும் அத்தியாயம் அதுதான். தரவு எடுத்த மாதங்கள் அங்கே இருக்கும். மார்ச்–மே என்று இருந்தால், ஐப்பசியில் உங்கள் ஊரில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்பதைச் செல்பேசிப் படங்களோடு எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுங்கள். கூட்டத்திலும் எழுந்து சொல்லி, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு இறுதி அறிக்கையில் பதில் தர வேண்டியது திட்டக்காரர்களின் பொறுப்பு.